மாடிப்படியின் சாய்வு

கேள்வி:

எனக்கு அஞ்செட்டி பக்கம் நாட்றாம்பாளையம். வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. உடன் வேலை பார்க்கும் நண்பர்கள் மூன்று பேர் வருகிற மே மாதக் கடைசியில் இமயமலையில் ரூபின் கணவாய்க்கு நடைபயணம் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மலையும் காடும் எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் தாத்தாவோடு மாடு ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பட்டியில் நாள்கணக்காகத் தங்கியிருக்கிறேன். யானைத் தடம் பார்க்கத் தெரியும். இருட்டில் நடக்கத் தெரியும்.

அம்மாதான் விடமாட்டேன் என்கிறார். 2016-ல் சியாச்சினில் பனி மூடி நம் மாவட்டத்துப் பிள்ளை போனதைச் சொல்லி அழுகிறார். பனிச்சரிவு வரப்போவதை முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா? காட்டில் நடந்த பழக்கம் அங்கே கைகொடுக்குமா? நான் போகலாமா, வேண்டாமா? அம்மாவுக்கு என்ன சொல்வது?

— வாசகர், நாட்றாம்பாளையம்

பதில்:

தம்பி, உங்கள் அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பயம் வெறும் பயமில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி அதிகாலை, சியாச்சின் பனியாற்றில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் முகாமின் மேல் பனி இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனில் பணிபுரிந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை மாவட்டங்களிலிருந்து ஒவ்வொருவர். நான்காமவர் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளியைச் சேர்ந்த சிப்பாய் ராமமூர்த்தி. கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் மட்டும் 25 அடிக்கும் மேலான பனிக்குக் கீழே ஆறாம் நாள் உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார். மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்த வாரம் எத்தனை வீடுகளில் சோறு இறங்கவில்லை என்பது உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது.

அந்தப் பத்துப் பேருக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும். எந்தச் சரிவின் கீழே கூடாரம் அடிப்பது, எந்த மாதத்தில் ஏறுவது, எப்போது இறங்குவது, இதில் எதுவும் அவர்கள் கையில் இல்லை. உங்களுக்கு எல்லாமே உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பதில் முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஹனுமந்தப்பா ஆறு நாள் தாங்கினார் என்பதிலிருந்து பனிக்கடியில் மனிதன் நாள்கணக்கில் இருக்க முடியும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நண்பர்கள் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். அவர் கூடாரத்துக்குள் இருந்தார். கூடாரம் முழுக்க நசுங்காமல் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருந்தது. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி பத்ரிநாத்துக்கு மேலே மாணா கிராமத்தருகே எல்லைச் சாலை அமைப்பின் முகாமைப் பனி மூடியபோதும் இதையே பார்த்தோம். சிக்கிய 54 தொழிலாளர்களில் 46 பேர் மீட்கப்பட்டார்கள். பலர் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்ததுதான் காரணம். பெட்டி அவர்களுக்கு மூச்சைக் கொடுத்தது. எட்டுப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

திறந்த சரிவில் நடக்கிறவனுக்குப் பெட்டி ஏது, கூடாரம் ஏது. வழியில் அரைக்கப்பட்டுத் தூளான பனி நின்றவுடனே சிமென்ட் கலவைபோல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் பல ஆண்டு விபத்துப் பதிவுகளைக் கணக்கிட்டுச் சொன்னது இது: முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. பெரும்பாலோர் மூச்சடைத்துத்தான் சாகிறார்கள். ஹெலிகாப்டர் கிளம்புவதற்குள்ளேயே அந்தப் பத்து நிமிடம் போய்விடும். ஆகவே மீட்புப் படை என்பது பக்கத்தில் நடந்து வரும் உங்கள் மூன்று நண்பர்கள்தான். அவர்கள் கையில் மண்வாரி இருந்தால்.

இனி, சரிவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம் மாவட்டத்தில் இருப்பதை வைத்தே சொல்லலாம். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். அதன்மேல் ஒரு படி கேழ்வரகைத் தூவுங்கள். கேழ்வரகின்மேல் பளபளவென்று மெருகேற்றிய கிரானைட் பலகை ஒன்றை மெதுவாகக் கிடத்துங்கள். ஒரு நொடி அது அப்படியே கிடக்கும். விரலால் ஓரத்தைத் தொட்டால் போதும், மொத்தமாகக் கிளம்பிவிடும். பனிச்சரிவுகளிலேயே ஆளைக் கொல்வதில் முதலிடம் இந்தப் பலகைச் சரிவுக்குத்தான்.

மலையில் விழும் பனி ஒரே பொருளாக இருப்பதில்லை. அடுக்கடுக்காகச் சேர்கிறது. டிசம்பரில் கொஞ்சமாகப் பனி பெய்து, பிறகு பல நாள் வானம் வெளுத்துக் கடுங்குளிர் அடித்தால், அடியிலுள்ள தரையின் இளஞ்சூட்டுக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் நடுவில் ஈரம் ஆவியாக மேலேறும். ஏறும் வழியில் பனித்துகள்களைச் சர்க்கரைபோல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். கேழ்வரகு அதுதான். பிறகு ஜனவரி, பிப்ரவரியில் மேற்கிலிருந்து வரும் வானிலைக் கலக்கம் இரண்டு மூன்று அடிப் பனியை அதன்மேல் கொட்டும். காற்று அதை அள்ளி மறுபக்கச் சரிவில் இறுக்கி அடுக்கும். கிரானைட் பலகை தயார். விரல் வைப்பது யார்? நடப்பவர்களும் சறுக்குபவர்களும் மாட்டிக்கொள்ளும் சரிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதை அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான் கிளப்பிவிடுகிறார்கள். நாம் போய்த் தொட்டால்தான் பெரும்பாலும் விழுகிறது.

உங்கள் காட்டு அனுபவத்துக்கு வருகிறேன். அது பெரிய உதவி. அதே அனுபவம் உங்களை ஏமாற்றவும் செய்யும். இரண்டையும் சொல்ல வேண்டும்.

உங்கள் தாத்தா யானைத் தடத்தில் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். சாணத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார். முறிந்த கிளையில் ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். சந்தேகம் வந்தால் மாட்டைத் திருப்பினார். கண்ணையும் காதையும் மூக்கையும் திறந்து வைத்து நடப்பதும், திரும்புவதை அவமானமாக நினைக்காததும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்திருக்கும். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது வர வருடங்கள் ஆகும். பனியிலும் இப்படி அடையாளங்கள் உண்டு. எதிர்ச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் இருந்தால் அதே திசை பார்த்த எல்லாச் சரிவும் சந்தேகத்துக்குரியது. காலடியில் 'உம்ப்' என்று ஒரு ஆழ்ந்த ஓசையோடு தரை அரை விரல் இறங்கும். கேழ்வரகு அடுக்கு நசுங்கிய சத்தம் அது. பாதத்திலிருந்து விரிசல் கோடாக ஓடும். ஒரே நாளில் ஒரு அடி பனி பெய்திருக்கும். காற்று வீசிக்கொண்டே இருக்கும். திடீரென்று வெயில் சுடும். இவை எல்லாமே எச்சரிக்கைகள். ஒரு முறை அந்த 'உம்ப்' ஓசையை நான் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய சமதளத்தில் நின்றதால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டதுபோல் இருந்தது இன்னும் மறக்கவில்லை.

ஏமாற்றுவது எங்கே? காட்டில் தப்பு செய்தால் காடு உடனே சொல்லிவிடும். யானை பிளிறும், நாய் வாலைச் சுருட்டும். பனி சொல்லாது. பலவீனமான சரிவின்மேல் நூறு பேர் நடந்துபோயிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. நூற்றியோராவது ஆள் அடுக்கு மெலிந்த இடத்தில் காலை வைப்பான். முன்னால் போன நூறு பேருக்கும் அந்த மலை ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. 'நாங்கள் போன வருடம் இதே வழியில் போனோம், ஒன்றும் ஆகவில்லை' என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். யானை விஷயத்தில் அப்படிச் சொன்னால் கொஞ்சம் பொருள் உண்டு. பனியில் அதற்குப் பொருளே இல்லை. இயன் மெக்கமன் என்பவர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். அடையாளங்கள் கண்முன் இருந்தும் மக்கள் ஏன் நடந்தார்கள் என்பதற்கு அவர் கண்ட காரணங்களில் பழகின இடம் என்ற தைரியமும் ஒன்று. பயிற்சி பெற்றவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

பனியை முழுதாகப் படிக்க எனக்கே தெரியாது. வாழ்நாள் முழுக்க அதைப் படிப்பவர்களுக்கும் தெரியாது. ஆனால் சாய்வைப் படிக்க யாராலும் முடியும். உங்களால் ஒரே மாலையில் முடியும்.

பலகைச் சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் கிளம்புகிறது. 38 டிகிரி பக்கம் மிக அதிகம். அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30-க்குக் குறைந்தால் பலகை நகருவது அரிது. இந்த அளவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம் வீடுகளில் கட்டும் மாடிப்படியில் படியின் உயரம் 7 அங்குலம், கால் வைக்கும் அகலம் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு 35 டிகிரி. தினமும் துணி காயப்போட உங்கள் அம்மா ஏறுகிற அந்தச் சாய்வுதான் பனிமலையில் ஆளைக் கொல்வது. அஞ்செட்டி மலைப்பாதைச் சாலையின் ஏற்றமெல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது. கைபேசியில் சாய்வு அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. கைத்தடியைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் கைபேசியை வைத்தால் எண் காட்டும். வெள்ளைப் பனியில் கண் சாய்வைத் தவறாக மதிப்பிடும். அதனால் அளந்து பழகுங்கள். ஊரிலேயே பழகலாம், பாறைச் சரிவுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' நடைபாதைகளில் நம் பக்கத்துக் குத்திராயன் சிகரமும் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு முதுகில் முழுச் சுமையோடு ஒருமுறை அதை ஏறிப் பாருங்கள், காலுக்கும் பயிற்சியாகும். அனுமதியில்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போகிறவர்களுடன் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன நடைபயணிகளின் உயிர்களை நாம் மறக்கக் கூடாது.

நீங்கள் நிற்கும் இடத்தின் சாய்வு மட்டும் போதாது, தலைக்குமேல் இருப்பதையும் பார்க்க வேண்டும். நீங்கள் சமதளத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். மேலே ஆயிரம் அடியில் மாடிப்படிச் சாய்வு ஒன்று பனியைச் சுமந்து நின்றால் அதன் வழியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். அவர்கள் மலையேறப் போனவர்கள் இல்லை, வண்டியை விட்டு இறங்கிப் பனியில் விளையாடப் போனவர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான அனுமதி 13-ஆவது மைல் வரை. விபத்து நடந்தது 15-ஆவது மைலில். மணாலிக்குக் குழந்தை குட்டியோடு போகிற நம் குடும்பங்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியில் வரும் தண்ணீரை அளக்கிறது. இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் வருகிறது. கூடினால் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டத் தடை. அதைப்போலவே பனிக்கும் ஒரு அளவீடு இருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் சண்டிகரில் இயங்கும் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுகிறது. முன்பு மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்றே தொடங்கிய அமைப்பின் தொடர்ச்சி அது. உலக வழக்கப்படி அபாயத்துக்கு ஐந்து நிலைகள். நான்கு, ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஐந்தில் மூன்று என்றால் பாதிதானே என்று கிளம்புவார்கள். மேலை நாடுகளில் சாவுகளில் பெரும்பங்கு இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். அது பாதி இல்லை தம்பி, மனிதன் தொட்டால் சரியக்கூடும் என்று பொருள். இன்னொன்று, பிலிகுண்டுலு எண் ஆற்றுக்கு மொத்தமாகச் சொல்வது. நீங்கள் நிற்கும் பாறைக்கடியில் சுழல் இருக்கிறதா என்று அது சொல்லாது. எச்சரிக்கையும் அப்படித்தான். படித்துவிட்டுப் போங்கள், போன பின் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள்.

மொழி விஷயம் ஒன்று. இமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் ஊர்க்காரர்கள் பனிச்சரிவையே 'கிளேசியர்' என்று சொல்வது வழக்கம். 'நேற்று அங்கே கிளேசியர் வந்தது' என்று சுமைதூக்கி ஒருவர் இந்தியில் சொன்னால் பனியாறு இருக்கிறது என்று புரிந்துகொண்டு தலையாட்டாதீர்கள். நேற்று அங்கே சரிந்திருக்கிறது என்கிறார். எந்த இடம், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் ரூபின் கணவாய். உத்தராகண்டின் தௌலாவில் தொடங்கி, ரூபின் ஆற்றோடு மேலேறி, சுமார் 15,250 அடியில் கணவாயைத் தாண்டி இமாச்சலத்தின் சாங்லாப் பள்ளத்தாக்கில் இறங்கும் வழி. மே மாதக் கடைசியில் நடுக்குளிர்காலத்துப் பலகைச் சரிவின் அபாயம் பெருமளவு தணிந்திருக்கும். வேறொன்று வந்திருக்கும். வெயிலில் உருகி ஈரமாகி, கனத்து, கூழ்போல இறங்கும் ஈரப்பனிச் சரிவு. அதற்குக் கடிகாரம் உண்டு. இரவு வானம் வெளுத்திருந்தால் மேற்பரப்பு இறுகி உறையும். விடியற்காலை அதன்மேல் நடப்பது தார்ச்சாலைபோல இருக்கும். வெயில் ஏற ஏற இளகும். மேகம் போர்த்திய இரவில் குளிர் இறங்காது. நம் ஊரிலும் மார்கழியில் நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவுதானே கடுங்குளிர், அதே கணக்கு. அப்படி உறையாத இரவுக்கு அடுத்த நாள் காலையே பனி கூழாக இருக்கும். கால் கணுக்கால்வரை புதைந்தால் கவனியுங்கள், முழங்காலுக்குப் போனால் அந்தச் சரிவில் உங்களுக்கு வேலை இல்லை. மேலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலும் அப்படியே.

இந்த வழியின் கடைசி ஏற்றம் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள குறுகிய பனிச்சந்து. இருபுறமும் மேலிருந்து விழுவதெல்லாம் அதற்குள்தான் வந்து சேரும், ஒதுங்க இடமில்லை. அதனால்தான் வழிகாட்டிகள் இருட்டிலேயே எழுப்பிக் கிளப்புகிறார்கள். குளிரில் முணுமுணுக்காமல் எழுந்திருங்கள். முந்தின நாள் பனி பெய்திருந்தால் இரண்டு நாளாவது காத்திருக்க வேண்டும். புதுப் பனிக்குப் பிந்தைய முதல் இரண்டு நாள்தான் மோசமானது. வழியிலுள்ள அருவிப் பகுதியில் ஓடைக்குமேல் பாலம்போல நிற்கும் பனியும் மே கடைசியில் அடியில் அரித்துப் போயிருக்கும். வழிகாட்டி தடியால் குத்திப் பார்த்த பிறகு, ஒருவர் பின் ஒருவராக. சந்தேகமான சரிவு எதையும் அப்படித்தான் கடக்க வேண்டும். ஒருவர் நடக்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மாட்டினாலும் ஒருவர்தான் மாட்டுவார், தோண்ட மூன்று பேர் இருப்பார்கள்.

மாட்டிக்கொண்டால்? கத்துங்கள், மற்றவர் பார்க்க வேண்டும். ஓரத்துக்கு ஒதுங்கப் பாருங்கள். கைத்தடியை விட்டுவிடுங்கள். மேலே மிதக்கப் போராடுங்கள். வேகம் குறையும்போது இரண்டு கையையும் முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்யுங்கள், நின்றபின் முடியாது. பார்த்துக்கொண்டிருப்பவர் கடைசியாக ஆள் தெரிந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, மேலே இன்னொரு சரிவு காத்திருக்கவில்லை என்று உறுதிசெய்து, அதற்குக் கீழே தேட வேண்டும். உதவிக்கு ஓடுவது பிறகு. குளிர்காலப் பனியில் போகிறவர்கள் ஒவ்வொருவரும் மூன்று பொருள் வைத்திருப்பார்கள்: மார்பில் கட்டும் சமிக்ஞைக் கருவி, மடக்கும் துழாவுகோல், மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் பயன் பாதிதான். கையாலும் தட்டாலும் இறுகிய பனியைத் தோண்ட முடியாது. மே மாத ரூபினுக்குக் கூட்டிப்போகும் அமைப்புகள் இதையெல்லாம் எல்லோருக்கும் தருவதில்லை. குறைந்தபட்சம் குழுவில் எத்தனை மண்வாரி இருக்கிறது என்று கேளுங்கள். கேள்வியே புரியாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள். திரும்புவது என்று முடிவெடுப்பது யார், கடைசியாக எந்த வருடம் கணவாயைத் தாண்டாமல் திரும்பினீர்கள் என்பதையும் கேளுங்கள். 'நாங்கள் திரும்பினதே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்தக் குழு வேண்டாம்.

திறமையானவர்களை நம்பிப் போவது போதுமா? போதாது. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு 'திரௌபதி கா டாண்டா' சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கியது. 29 உயிர்கள் போயின. அந்த ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாளுக்குள் ஏறிய சவிதா கன்ஸ்வால் அங்கே பயிற்றுநர். அவரும் போனார். அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எத்தனை பெரிய கைகாரர் முன்னால் நடந்தாலும் உங்கள் கண் உங்களுடையதாகவே இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் வாயைத் திறக்க வேண்டும்.

ஓசூர்க்காரர்களிடம் நான் காணும் பெரிய அபாயம் வேறு. லீவு. கெஞ்சிக் கூத்தாடி எட்டு நாளோ பத்து நாளோ வாங்கியிருப்பீர்கள். ரயில் டிக்கெட் திரும்பும் தேதிக்குப் போட்டிருப்பீர்கள். கணவாய்க்கு முந்தின நாள் பனி கொட்டும். வழிகாட்டி காத்திருப்போம் என்பார். ஷிப்டுக்குத் திரும்ப வேண்டிய நான்கு பேர் அவரைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் எத்தனையோ வழிகாட்டிகள் மனம் மாறியிருக்கிறார்கள். அதனால் இரண்டு நாளாவது உபரியாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இந்த வருடம் ரூபின் வேண்டாம், உயரம் குறைந்த வேறொரு வழிக்குப் போங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பனிச்சரிவையே நினைத்துக்கொண்டு குளிரையும் உயரத்தையும் மறந்துவிடாதீர்கள். 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தராகண்டின் சஹஸ்ரதால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் அடங்கிய 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் மாட்டியது. ஒன்பது பேர் இறந்தார்கள். சரிவு எதுவும் இல்லை. காற்றும் ஈரமும் குளிரும்தான். மழைக்காப்புச் சட்டை, உலர்ந்த மாற்றுக் கம்பளி, இரண்டாவது ஜோடிக் கையுறை பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பத்தாயிரம் அடிக்குமேல் போனபின் தூங்கும் இடத்தை ஒரு நாளில் 1,500 அடிக்குமேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. தலைவலியோடு வாந்தியோ, தள்ளாட்டமோ, உட்கார்ந்திருந்தாலும் மூச்சுத் திணறலோ வந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவது, இரவானாலும். காட்டில் வளர்ந்த உடம்பு என்ற பெருமை அந்த உயரத்தில் செல்லாது, பலசாலிகளுக்கும் வருகிறது.

ஆகவே என் பதில்: உபரி நாள் கிடைத்தால், குழு என் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்னால், போங்கள். கிடைக்காவிட்டால் வேண்டாம்.

அம்மாவுக்குப் பொய் சொல்லாதீர்கள். 'அங்கே ஒன்றும் ஆகாதும்மா' என்பது பொய். ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதி எந்த ஊரில் இருப்பேன், ஒவ்வொரு இரவும் தங்கும் முகாமின் பெயர், கூட்டிப்போகும் அமைப்பின் எண், நண்பர்கள் வீட்டு எண்கள். தௌலாவைத் தாண்டினால் கைபேசி இணைப்பை எதிர்பார்க்க முடியாது, சாங்லா வந்துதான் பேசுவேன், அதுவரை போன் வராவிட்டால் பயப்பட வேண்டாம் என்று எழுதுங்கள். இந்தியாவில் செயற்கைக்கோள் போனை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், யாரிடமும் கடன் வாங்கிப் போகாதீர்கள். திரும்பும் நாளோடு உபரி நாளையும் கூட்டி, இந்தத் தேதி இரவு எட்டு மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் முதலில் இன்னாரை அழையுங்கள் என்று கடைசி வரியில் எழுதுங்கள். அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு அம்மாவை மாடிப்படிக்குக் கூட்டிப்போய், கைபேசியை வைத்துச் சாய்வை அளந்து காட்டி, 'இந்த அளவுக்குச் சாய்ந்த பனியைப் பார்த்தால் நின்று யோசிப்பேன், சந்தேகமிருந்தால் திரும்பிவிடுவேன்' என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். சாங்லாவில் இறங்கியதும் முதல் போன் அவருக்கு.